எமோஜி யாரிடம் பேசுகிறது? இணையதளம் கட்டும் தோழர்களுக்கு

இப்போது புதிதாகத் தொடங்கும் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் முதல் தலைப்பிலேயே ஒரு ராக்கெட் பறக்கிறது. அடுத்த தலைப்பில் மின்னும் நட்சத்திரங்கள். அதற்குக் கீழே வரிசையாகப் பச்சை டிக், இலக்கில் தைத்த அம்பு, கைதட்டும் கைகள். மளிகை விற்கும் செயலியும் அப்படித்தான் இருக்கிறது, போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தின் பக்கமும் அப்படித்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒரு பக்கம் செய்து தரச் சொன்னால், அதுவும் பெரும்பாலும் இதே அலங்காரத்தோடுதான் தருகிறது.

விற்பவர்கள் எப்படியோ விற்றுக்கொள்ளட்டும். நம் கவலை வேறு. இந்த அலங்காரம் நம் பக்கங்களுக்கும் வந்துவிட்டது. வன்கொடுமைக்கு ஆளானவர் எங்கே புகார் கொடுப்பது என்று சொல்லும் பக்கம், உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லும் பக்கம், கூலி மறுக்கப்பட்ட தொழிலாளிக்குச் சட்ட உதவி தேடித் தரும் பக்கம் என எல்லாவற்றிலும் சொற்கள் சுருங்கி, படங்கள் பெருகிவருகின்றன. இந்தப் பக்கங்களை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். சம்பளமில்லாமல், இரவு கண்விழித்து, நல்ல நோக்கத்தோடு செய்கிறார்கள். அவர்களோடு பேசத்தான் இந்தக் கட்டுரை.

எமோஜியே வேண்டாம் என்பது நம் கட்சியல்ல. இணையதளத்தில் எமோஜி வைப்பது, யாருக்காக இந்தப் பக்கம், யாரை வெளியே நிறுத்தப்போகிறோம் என்கிற முடிவு. அந்த முடிவை யோசித்து எடுக்க வேண்டும் என்கிறோம்.

யார் வரைந்த படங்கள்?

எமோஜி என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லுக்கும் உறவில்லை. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. 1999இல் ஜப்பானின் என்.டி.டி. டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிட்டா 176 சிறு படங்களை உருவாக்கினார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகளில் அடங்கியது. வானிலை, போக்குவரத்து, மனநிலை போன்றவற்றைச் சிறிய கைபேசித் திரையில் இடம் அடைக்காமல் சொல்வதற்கான ஏற்பாடு அது. 2010இல் யூனிகோடு 6.0 பதிப்பில் நூற்றுக்கணக்கான எமோஜிகள் சேர்க்கப்பட்டன. தமிழ் எழுத்து 'அ'வுக்கு ஓர் எண் இருப்பதுபோல, சிரிக்கும் முகத்துக்கும் ஓர் எண் வந்தது. அதன் பிறகுதான் அவை உலகத்துக்குப் பொதுவாயின.

அந்த எண்ணை யார் தருகிறார்கள்? கலிபோர்னியாவில் பதிவுசெய்யப்பட்ட யூனிகோடு கூட்டமைப்பு. புதிய எமோஜி வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முழு வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் பெரும்பாலானவை ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மெட்டா போன்ற நிறுவனங்கள். உறுப்பினராக இருக்க ஆண்டுதோறும் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும்.

மனு கொடுத்து வென்றவர்களும் உண்டு. ஜெர்மனியில் வசித்த சவுதிச் சிறுமி ராயூஃப் அல்ஹுமைதி 2016இல் விண்ணப்பித்ததால், ஹிஜாப் அணிந்த பெண்ணின் படம் 2017இல் வந்தது. மாதவிடாயைப் பற்றிப் பேச ஒரு படம் வேண்டும் என்று பிரச்சாரம் நடந்தது. 2019இல் இரத்தத் துளி கிடைத்தது. அதே 2019ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் சேலை, ஆட்டோ, அகல் விளக்கு, இந்துக் கோயில் ஆகியவையும் வந்தன. 'இந்தியாவுக்கு அங்கீகாரம்' என்று அப்போது கொண்டாடியவர்கள் உண்டு. எந்த இந்தியா என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். பறைக்கென்று இன்றும் ஓர் எமோஜி இல்லை. அதற்காக யாரும் சதி செய்ததாகச் சொல்லவில்லை. பட்டியலைத் தயாரிக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பட்டியல் அமையும் என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

கூப்பிய கையும் துடைப்பமும்

நம் பக்கங்களில் அதிகம் காணப்படும் படம் கூப்பிய கைகள். ஜப்பானில் அது நன்றிக்கும் வேண்டுகோளுக்கும் உரியது. மேற்கில் அதைப் பிரார்த்தனையாகப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் கைதட்டிக்கொள்வதாக நினைப்பவர்களும் உண்டு. நமக்கு அது வணக்கம், அதோடு கும்பிடு.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதற்கான விதிகள் 1995இல் வந்தன. 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய்வரை நிவாரணம் தர அரசு கடமைப்பட்டிருக்கிறது. இது யாரும் மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல. அப்படியிருக்க, 'நிவாரணம் பெற' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் கூப்பிய கைகளை வைத்தால், உரிமை அந்த ஒரு படத்தில் மனுவாகச் சுருங்கிவிடுகிறது. எந்த வாசலில் கைகட்டி நிற்கக் கூடாது என்று நம் முன்னோர் போராடினார்களோ, அந்த வாசலில் நம் பக்கமே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

துடைப்பமும் அப்படித்தான். 2018இல் வந்த அந்த எமோஜி, வீடு பெருக்குவதைக் குறிக்கும் சாதாரணப் படம். ஆனால் தூய்மைப் பணியாளர்களின் கோரிக்கைப் பக்கத்தில், அவர்களுடைய பெயருக்குப் பக்கத்தில் அதை வைக்கும்போது என்ன ஆகிறது? அவர்கள் கேட்பது பணி நிரந்தரம், முழுச் சம்பளம், பாதுகாப்புக் கருவிகள். மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்ற 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்கிறார்கள். துடைப்பத்தோடு சேர்த்து அடையாளம் காணப்படுவதிலிருந்து வெளியே வரத்தான் இத்தனை போராட்டமும். நாமே அதை எடுத்து அவர்கள் பெயரோடு ஒட்டலாமா? மருத்துவருக்கு ஸ்டெதாஸ்கோப் வைப்பதில்லையா என்று கேட்கலாம். ஸ்டெதாஸ்கோப்பைச் சொல்லி யாரையும் இழிவுபடுத்தியதில்லையே.

நிறத்துக்கு வருவோம். கை, முகம் ஆகியவற்றுக்கு ஐந்து தோல் நிறங்கள் 2015இல் வந்தன. வெயிலில் யாருடைய தோல் சிவக்கும், யாருடைய தோல் கறுக்கும் என்று வகைப்படுத்த, தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் உருவாக்கிய அளவுகோல்தான் அதற்கு அடிப்படை. நிறம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் மஞ்சள் வரும். மஞ்சள் யாருக்கும் உரியதல்ல, ஆகவே எல்லோருக்கும் பொது என்பது அவர்கள் வாதம். கைகுலுக்கும் எமோஜியில் இரு கைகளுக்கும் வெவ்வேறு நிறம் வைக்கும் வசதியோ 2021ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் வந்தது. அதுவரை இரண்டு கையும் ஒரே நிறம்தான். உங்கள் பக்கத்தில் ஓங்கிய முஷ்டியை வைக்கிறீர்கள் என்றால், அது எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று குழுவில் ஒரு முறையாவது பேசுங்கள். எந்த நிறத்தை வேண்டுமானாலும் முடிவுசெய்யுங்கள். யாரும் யோசிக்காமல் தானாக வந்து நின்றதாக மட்டும் அது இருக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் நிறத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக்குறிகள் போன்றவற்றை அணியத் தடை விதிக்க அது பரிந்துரைத்தது. மணிக்கட்டில் கட்டிய அதே நிறங்கள்தான் சமூக ஊடகத்தில் வண்ண இதயங்களாக, பெயருக்குப் பக்கத்தில் சிங்கத்தோடும் வாளோடும் கிரீடத்தோடும் நிற்கின்றன. கல்லூரி விழாவுக்கோ மாணவர் மன்றத்துக்கோ இணையதளம் செய்யும்போது, பட்டியலை அழகாக்க இரண்டு வண்ண இதயங்களை அடுத்தடுத்து வைப்பவருக்கு அது வெறும் வண்ணமாக இருக்கலாம். படிக்கும் மாணவர் கண்ணுக்கு அது ஒரு கொடியாகத் தெரியலாம். ஊரில் எந்த நிறச் சேர்க்கை எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்வதும் வடிவமைப்பு வேலையில் ஒரு பகுதிதான்.

காதால் படிப்பவர்கள்

இனி, பக்கத்தைக் கண்ணால் பார்க்காதவர்களைப் பற்றிப் பேசுவோம். பார்வையற்ற தோழர்கள் கைபேசியையும் கணினியையும் ஸ்கிரீன் ரீடர் வழியாகப் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ளதை அது குரலாக வாசிக்கும். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன.

எமோஜி வந்ததும் ஸ்கிரீன் ரீடர் அதன் பெயரை வாசிக்கும். ஒன்று இருந்தால் தொந்தரவில்லை. 'நீதி வேண்டும்' என்று எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் கைதட்டும் கைகளை வைத்தால், ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தின் பெயர் குறுக்கே வரும். வரியின் முடிவில் எட்டுத் தீப்பிழம்புகள் வைத்தால் எட்டையும் கேட்க நேரலாம். பட்டியலில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் விரல் சுட்டும் கை இருந்தால், தகவலுக்கு முன்னால் அந்த விரலைத் தாண்டித்தான் போக வேண்டும். தேவையான ஆவணங்கள் பன்னிரண்டு என்றால், பன்னிரண்டு முறை.

இதைவிட மோசமானது, சொல்லே இல்லாமல் படத்தை மட்டும் பொத்தானாக வைப்பது. வீடு, மணி, காகிதம், பூட்டு என்று நான்கு படங்கள். எதைத் தொட்டால் புகார்ப் படிவம் வரும்? 'பூட்டு, பொத்தான்' என்று காதில் விழுந்தால் அது கடவுச்சொல்லா, தனியுரிமைக் கொள்கையா, இரகசியப் புகாரா என்று எப்படித் தெரியும்? கண் தெரிந்தவர்களுக்கே தெரியாது.

எண்களை எமோஜியாக எழுதும் பழக்கமும் பரவிவருகிறது. வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட, கட்டணமில்லாத எண் அது. இந்த ஐந்து இலக்கங்களையும் நீலச் சதுரத்துக்குள் இருக்கும் எமோஜி எண்களாக எழுதிப் பாருங்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்தச் சதுரங்கள் ஒவ்வொன்றும் ஓர் எண்ணும் வேறு குறிகளும் சேர்ந்த கூட்டு. பல கைபேசிகள் அதைத் தொலைபேசி எண்ணாக அடையாளம் காணாது. தொட்டால் அழைப்பு போகாது. ஸ்கிரீன் ரீடரோ எண்ணோடு விசையின் பெயரையும் சேர்த்து வாசிக்கும். பதற்றத்தில் இருக்கும் ஒருவருக்கு நாம் தர வேண்டியது தொட்டவுடன் அழைப்பு போகும் ஓர் எண். அதை நாமே கெடுத்துவிடுகிறோம்.

இது இரக்கத்தின் பெயரால் செய்ய வேண்டிய சலுகையல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தகவல் தொழில்நுட்பத்தை அணுகுவதை உரிமையாகச் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்னும் தெளிவானது. வங்கிக்கும் சிம் கார்டுக்கும் கைபேசி வழியே அடையாளத்தை உறுதிசெய்யும்போது, திரையைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும், பார்வையற்றவர்களும் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்கள் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. கிணறு, குளம், சாலை என்று பொது இடங்களில் நுழையும் உரிமைக்காகப் போராடிய மரபு நம்முடையது. நாம் கட்டும் பொது இடத்தில் ஒருவர் நுழைய முடியவில்லை என்றால், அதை அழகியல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பழைய போன், உடைந்த படம்

எமோஜியின் உருவம் பெரும்பாலும் நம் இணையதளத்திலிருந்து வருவதில்லை; படிப்பவரின் கைபேசியிலிருந்து வருகிறது. நாம் அனுப்புவது எண்ணை மட்டும்தான். அதனால்தான் ஆப்பிள் 2016இல் துப்பாக்கிப் படத்தை நீர்த்துப்பாக்கியாக மாற்றியபோது, சில காலம் ஒருவர் அனுப்பிய விளையாட்டுத் துப்பாக்கி இன்னொருவர் திரையில் உண்மைத் துப்பாக்கியாகத் தெரிந்தது. விண்டோஸ் கணினியில் தேசியக் கொடி எமோஜிகள் பொதுவாகக் கொடியாகத் தெரியாது. நாட்டின் இரண்டெழுத்துச் சுருக்கமே தெரியும். 2020இல் சேர்க்கப்பட்ட திருநர் கொடி, பழைய கைபேசியில் ஒரு வெள்ளைக் கொடியாகவும் தனியாக ஒரு குறியாகவும் பிரிந்துபோகும். திருநர் உரிமை பேசும் பக்கத்தின் தலைப்பில் வெள்ளைக் கொடி நிற்பதை நினைத்துப் பாருங்கள். அப்டேட் நின்றுபோன கைபேசியில் புதிய எமோஜி ஒரு வெற்றுக் கட்டமாக நிற்கும்.

அப்டேட் நின்றுபோன கைபேசி யார் கையில் இருக்கிறது? அண்ணன் பயன்படுத்திவிட்டுத் தங்கைக்குக் கொடுத்தது, செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கியது. நம் பக்கம் யாருக்காகவோ அவர்கள் கையில்தான் அது அதிகம். வடிவமைப்பவரின் புதிய லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தது என்பது விடையாகாது.

சிரிப்புக்கு ஒரு பொத்தான்

இணையதளத்தில் எமோஜி வைப்பது என்றால் நாம் வைக்கும் படங்கள் மட்டுமல்ல. படிப்பவர் பதில் சொல்ல நாம் கொடுக்கும் படங்களும்தான். பல செய்தித் தளங்களில் கட்டுரையின் அடியில் முகங்களின் வரிசை ஒன்று இருக்கிறது. ஃபேஸ்புக் 2016 பிப்ரவரியில் இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுவந்தது. விருப்பம், அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம். எல்லாச் செய்திக்கும் இதே ஆறு. ஆணவக்கொலைச் செய்தியின் கீழேயும் அந்தச் சிரிப்பு முகம் இருந்தது. அதை அழுத்தியவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

அழுத்தியவரின் வன்மத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்தப் பொத்தானை அங்கே வைத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. 2021 அக்டோபரில் வெளிவந்த உள் ஆவணங்களின்படி, 2017 முதல் ஃபேஸ்புக்கின் கணக்கீட்டில் எமோஜி எதிர்வினைகளுக்கு, வெறும் விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு தரப்பட்டது. கோபமும் அதில் அடக்கம். நம் மக்களின் கோபமும் சரி, நம்மைப் பார்த்துச் சிரித்தவரின் சிரிப்பும் சரி, அவர்களுக்கு ஒரே சரக்குதான். பதிவை மேலே தள்ளும் எடைக்கல்.

படத்தின் மங்கலான பொருள் யாருக்கு உதவுகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. பொதுத்துறைத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் ஊழியர்களுடைய வாட்ஸ்அப் குழுவில், பெண் அதிகாரி ஒருவர் பணி தொடர்பான காணொளியைப் பகிர்ந்தார். சக ஊழியர்கள் பலர், கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தைப் பதிலாகப் போட்டார்கள். அவர் புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளிலும் வழக்கு பதிவானது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. எமோஜி ஒருவர் தம் உணர்வைத் தெரிவிக்கும் வழி. சாதியின் பொருட்டு இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததாகக் காட்டப்படாமல் அதைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பின் சட்ட நியாயத்தை வழக்கறிஞர்கள் விவாதிக்கட்டும். வடிவமைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சொல்லால் இழிவுபடுத்தினால் அந்தச் சொல் சாட்சியாக நிற்கும். படத்தால் சிரித்தால், 'வேறு எதையோ நினைத்துச் சிரித்தேன்' என்று விலகிக்கொள்ள இடமுண்டு. நோக்கத்தை நிரூபிக்கும் சுமை முழுவதும் சிரிக்கப்பட்டவர் தலையில் விழுகிறது. வலியைச் சொல்லும் பக்கத்தில் சிரிப்புப் பொத்தானை வைப்பவர், அந்தத் தப்பிக்கும் வழியையும் சேர்த்தே கட்டிக்கொடுக்கிறார்.

எழுத்தறியாதவர்களுக்குப் படம் வேண்டாமா?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். வர வேண்டிய கேள்விதான். நம் ஊர்களில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படம்தானே வழி?

இதற்கான விடை இந்நாட்டுத் தேர்தலில் இருக்கிறது. 1951 கணக்கெடுப்பின்போது எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 18 விழுக்காடுதான். அந்த மக்களைக் கொண்டுதான் 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. கட்சிக்கு ஒரு சின்னம், வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியில் அந்தச் சின்னம். அது வென்றது. ஏன் வென்றது? அந்தச் சின்னத்தின் பொருளை ஊர் ஊராகச் சுவரில் வரைந்து, மேடை போட்டுச் சொல்லி, மாட்டுவண்டியில் தட்டி கட்டிக் கொண்டுபோய் மக்களுக்குப் பழக்கினார்கள். சின்னம் தானாகப் பேசவில்லை. மனிதர்கள் அதைப் பேசவைத்தார்கள். நம் இணையதளத்தில் இருக்கும் பூட்டையும் மணியையும் யார் போய் யாருக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

இன்றைய வாக்குப்பதிவு இயந்திரத்தையும் பாருங்கள். ஒரு பொத்தானுக்கு நேரே வேட்பாளரின் பெயர் இருக்கிறது, சின்னம் இருக்கிறது, 2015 முதல் புகைப்படம் இருக்கிறது. பார்வையற்றவர் தடவி அறியப் பிரெய்ல் எண்ணும் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர், பார்க்க முடியாதவர் எல்லோரும் அதே பொத்தானுக்கு வந்துசேர முடிகிறது. சின்னம் வந்ததால் பெயரை எடுத்துவிடவில்லை. நம் பக்கங்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. படமும் சொல்லும் குரலும் ஒன்றையொன்று துரத்தாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். எழுத்தறியாத பெரியவருக்கு உண்மையிலேயே உதவ வேண்டுமா? பக்கத்தின் மேலே ஒலிப்பதிவு ஒன்று வையுங்கள். ஊர்த் தமிழில் இரண்டு நிமிடம் பேசி, எண்ணைச் சொல்லுங்கள். பத்து எமோஜி செய்யாததை அது செய்யும்.

செய்யக் கூடியவை

வேலை சிறியது. ஓர் இரவில் முடித்துவிடலாம்.

1. பக்கத்திலுள்ள எல்லா எமோஜிகளையும் நீக்கிவிட்டு ஒரு முறை படியுங்கள். பொருள் எங்காவது அறுந்தால், அங்கே ஒரு சொல் குறைகிறது. அந்தச் சொல்லை எழுதுங்கள். பிறகு வேண்டுமானால் எமோஜியைத் திரும்ப வையுங்கள்.

2. ஒவ்வொரு பொத்தானிலும் தமிழில் வினைச்சொல் இருக்கட்டும். 'புகார் கொடுக்க', 'படிவம் இறக்க', 'வழக்கறிஞரை அழைக்க'.

3. அலங்காரத்துக்கு மட்டுமே வைத்த எமோஜியை ஸ்கிரீன் ரீடரிடமிருந்து மறைக்க 'ஏரியா-ஹிடன்' என்ற பண்பு இருக்கிறது. பொருளோடு வைத்த எமோஜிக்கு 'ஏரியா-லேபிள்' கொண்டு தமிழில் பெயர் கொடுக்கலாம். இரண்டும் ஒரே வரிக் குறிப்புகள்தான்.

4. டாக்பேக்கை இயக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு புகார்ப் படிவம்வரை போய்ப் பாருங்கள். பார்வையற்ற தோழர் ஒருவரைச் சோதிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அந்த வேலைக்கு நன்றியும், முடிந்தால் ஊதியமும் கொடுங்கள்.

5. தொலைபேசி எண், தேதி, தொகை ஆகியவை சாதாரண இலக்கங்களில் மட்டும். தலைப்பில் எமோஜி வேண்டுமென்றால் ஒன்று, அதுவும் கடைசியில்.

6. குழுவிலேயே பழைய கைபேசி யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் காட்டிய பிறகே பக்கத்தை வெளியிடுங்கள்.

7. வன்கொடுமைச் செய்திகளின் கீழே முகங்களின் வரிசை வேண்டாம். 'என்னால் உதவ முடியும்', 'இதே போன்ற புகார் எனக்கும் உண்டு' என்று இரண்டு பொத்தான்கள் வைத்துப் பாருங்கள். படித்தவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

நம் மரபு

எமோஜியை நாம் விட்டுவிடப் போவதில்லை. 'ஜெய்பீம்' என்று எழுதி நீல இதயம் வைக்கும்போது, அதன் பொருள் நமக்கெல்லாம் தெரிகிறது. கலிபோர்னியாவில் யாரும் அந்தப் பொருளுக்கு வாக்களிக்கவில்லை. நம் இளைஞர்கள் பயன்படுத்திப் பயன்படுத்தி ஏற்றிய பொருள் அது. அந்த இதயத்துக்கு முன்னால் 'ஜெய்பீம்' என்ற சொல் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சொல் இருப்பதால்தான் நிறம் பேசுகிறது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையே பெயராக இருந்தது. வாங்குபவரின் மடியில் எவ்வளவு இருக்கும் என்று முதலில் யோசித்துவிட்டு, அதற்குப் பிறகு தாளையும் அச்சையும் தீர்மானித்த இதழாகவே நாம் அதைப் பார்க்கிறோம். இன்று தாளும் அச்சும் நமக்குச் செலவில்லை. படிப்பவரின் கையில் என்ன கைபேசி இருக்கிறது, அவர் கண்ணால் படிக்கிறாரா காதால் படிக்கிறாரா, என்ன பதற்றத்தில் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறார் என்று யோசிப்பது மட்டும்தான் செலவு.

இந்த வாரம் உங்கள் அமைப்பின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக, உதவி எண் தொட்டால் போகிறதா என்று பாருங்கள்.